கறுவா மணக்கும் குளிர்கால மது: ஒரு கோப்பையின் வரலாறு

மார்கழி பிறப்பதற்கு முன்னரே ஐரோப்பிய நகரங்களின் சதுக்கங்களில் நத்தார்ச் சந்தைகள் கூடிவிடுகின்றன. மரத்தாலான சிறு கடைகளின் முன்னால், கையுறை அணிந்த கைகளில் ஆவி பறக்கும் கோப்பைகளை ஏந்தியவாறு மக்கள் நின்று உரையாடும் காட்சியை ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் பிரான்ஸிலும் நோர்வேயிலும் வாழும் எமது வாசகர்கள் நன்கு அறிவர். அக்கோப்பைகளில் பெரும்பாலும் இருப்பது சூடாக்கப்பட்ட சிவப்பு வைன். ஜேர்மன் மொழியில் அதற்குக் 'குளூவைன்' என்று பெயர். பிரெஞ்சுக்காரர் 'வான் ஷோ' என்பர். ஆங்கிலேயருக்கு அது 'மல்ட் வைன்'. சுவீடனிலும் நோர்வேயிலும் 'குளொக்' என்ற பெயரில், வாதுமைப் பருப்பும் உலர்ந்த திராட்சையும் இட்டுப் பருகுகின்றனர். பெயர்கள் வேறுபட்டாலும் மணம் ஒன்றுதான். அது திராட்சையின் மணமன்று. கறுவாவினதும் கராம்பினதும் மணம்.

இதனை நாம் மிகைப்படுத்திக் கூறவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2014ஆம் ஆண்டு இயற்றிய சட்ட விதியொன்று, குளூவைன் என்ற பெயரில் விற்கப்படும் பானம் சிவப்பு அல்லது வெள்ளை வைனிலிருந்து மட்டுமே தயாரிக்கப்பட வேண்டும் என்றும், முதன்மையாகக் கறுவாவாலோ கராம்பாலோ மணமூட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும், அதன் மதுசாரம் 7 வீதத்துக்குக் குறையக் கூடாது என்றும் வரையறுத்துள்ளது. ஐரோப்பியக் குளிர்காலத்தின் அடையாளமாகக் கருதப்படும் ஒரு பானத்தைச் சட்டப்படி அப்பானமாக ஆக்குகின்ற இரு பொருட்களும் ஐரோப்பிய மண்ணில் விளைவதில்லை. ஒன்றின் தாயகம் எமது இலங்கைத் தீவு. மற்றையதன் தாயகம் இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். அவை அக்கோப்பைக்குள் எவ்வாறு சென்று சேர்ந்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

உரோமரின் மிளகு மது

வைனில் வாசனைப் பொருட்களைச் சேர்க்கும் வழக்கம் நத்தார்ப் பண்டிகையைவிடப் பழையது. அப்பீசியஸ் என்ற பெயரில் வழங்கிவரும் உரோமச் சமையல் நூலின் முதலாவது செய்முறையே இத்தகைய மது பற்றியதுதான். தேனை வைனுடன் சேர்த்துக் காய்ச்சி, அதில் மிளகு, குங்குமப்பூ, பேரீச்சை முதலியவற்றை இடுமாறு அது கூறுகிறது. அந்த மிளகு சேரநாட்டு முசிறித் துறையிலிருந்து சென்றது. யவனர் பொன்னுடன் வந்து மிளகுடன் மீண்ட செய்தியை அகநானூறும், அவர்கள் கொண்டுவந்த மதுவைப் பாண்டிய மன்னன் அருந்திய செய்தியைப் புறநானூறும் பதிவு செய்துள்ளமை தமிழ் வாசகர்கள் அறிந்ததே. புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மோர்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வந்த மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. வைன் கிழக்கே வந்தது. மிளகு மேற்கே சென்றது. இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயங்களைத் தம்மிடமிருந்து உறிஞ்சிவிடுகிறது என்று உரோம அறிஞர் பிளினி முறையிட்டதும் இதனாலேயே.

கறுவா எங்கிருந்து வருகிறது என்பது மேற்கு நாட்டவருக்கு நீண்ட காலம் தெரியாதிருந்தது. பெரும் பறவைகள் கறுவாக் குச்சிகளால் கூடு கட்டுவதாகவும், அராபியர் அக்கூடுகளைத் தந்திரமாக வீழ்த்தி அவற்றை எடுப்பதாகவும் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்தார். இடைத்தரகரான வணிகருக்கு இத்தகைய கதைகள் இலாபகரமானவை. சரக்கு பிறக்கும் இடம் தெரியாதவரை, விலையைப் பற்றிக் கேள்வி எழாது.

மத்தியகால ஐரோப்பாவில் செல்வரின் விருந்துகளை 'ஹிப்போகிராஸ்' என்ற வாசனை மது அலங்கரித்தது. கறுவா, இஞ்சி, சாதிக்காய், சர்க்கரை ஆகியவற்றை வைனில் ஊறவைத்து, கூம்பு வடிவத் துணிப்பையில் வடிகட்டி எடுப்பார்கள். அப்பைக்குக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டிஸின் பெயரால் 'ஹிப்போகிரட்டிஸின் சட்டைக்கை' என்று பெயர். மதுவின் பெயரும் அதிலிருந்தே பிறந்தது. 1393ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரத்துச் செல்வர் ஒருவர் தம் இளம் மனைவிக்காக எழுதிய இல்லறக் கையேட்டில் இதன் செய்முறை காணப்படுகிறது. குளிர்காலத்தில் உடலில் சளி மிகும். சூடான தன்மையுடைய வாசனைப் பொருட்கள் அதனைத் தணிக்கும் என்பது அக்கால மருத்துவக் கொள்கை. தடிமன் பிடித்தால் மல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடிக்கும் எமக்கு இது விளங்காத தத்துவமன்று. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் புத்தாண்டை ஹிப்போகிராஸ் அருந்தி வரவேற்கும் வழக்கம் இன்றும் நிலவுகிறது.

கரையிற் குவிந்திருந்த கறுவா

1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபின் பத்தூத்தா, யாழ்ப்பாண மன்னனான ஆரியச் சக்கரவர்த்தியைப் புத்தளப் பகுதியில் சந்தித்தார். கடற்கரையெங்கும் கறுவா மரக்கொம்புகள் விறகுபோலக் குவிந்து கிடந்ததாக அவர் எழுதுகிறார். மலபாரிலிருந்தும் தமிழகக் கரையிலிருந்தும் வருவோர் விலை கொடாமல் அதனை எடுத்துச் செல்வர். பதிலுக்கு மன்னனுக்குத் துணிமணிகளைக் காணிக்கையாக அளிப்பர் என்பதும் அவர் தரும் தகவல். காட்டில் தானாக வளர்ந்த ஒரு மரம், காணிக்கைக்கு ஈடாகக் கைமாறிய காலம் அது.

ஒன்றரை நூற்றாண்டு கழிந்து, 1505ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயர் வந்திறங்கியதும் நிலைமை மாறியது. கோட்டை மன்னனிடமிருந்து அவர்கள் கறுவாவைத் திறையாகப் பெற்றனர். கொழும்பில் கோட்டை எழுந்தது. 1638இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயரை விரட்டுவதற்காக ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்தான். 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. எசமானர் மாறினர், கறுவாத் திறை மாறவில்லை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சியில் அனுமதியின்றிக் கறுவா உரிப்பதும் விற்பதும் மரண தண்டனைக்குரிய குற்றங்களாயின. கண்டியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்து தப்பிச் சென்ற றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், உள்ளூர் மக்கள் இம்மரத்தை ஏனைய காட்டு மரங்களைவிடப் பெரிதாக மதிப்பதில்லை என்று குறிப்பிடுகிறார். அவர்கள் சாதாரணமாகக் கருதிய மரத்துக்காகவே அவர்களின் உயிர் பறிக்கப்படலாம் என்ற நிலை கரையோரத்தில் நிலவியது.

உரிக்கும் வேலை சலாகம அல்லது சாலியர் எனப்பட்ட சமூகத்தின் மீது பிறப்பாலேயே சுமத்தப்பட்டது. ஆண்டுதோறும் ஆளுக்கு இவ்வளவு என்று நிறை விதிக்கப்பட்டது. இவ்வேலையை நிர்வகித்த திணைக்களத்துக்கு 'மகாபத்த', அதாவது 'பெருவரி', என்று பெயர். காட்டில் மாதக்கணக்காகத் தங்கி உரித்தவர்கள் தாங்க முடியாத நிலையில் கண்டி இராச்சியத்துக்குத் தப்பியோடியதும் உண்டு. இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இச்சமூகத்தவர் இன்று சிங்களவர். ஆனால் தம் முன்னோர் தென்னிந்தியக் கரையிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய சொந்த மரபு வரலாறு. இத்தீவின் வரலாற்றை 'எமது', 'உமது' என்று இரு கூறாகப் பிளந்து வைத்திருப்போர் கறுவாப்பட்டையின் கதையை எந்தக் கூற்றில் வைப்பார்கள் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

1760: இரு காட்சிகள்

ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1760ஆம் ஆண்டு யூன் மாதத்தில், அம்ஸ்டர்டாம் நகரில் கறுவா உள்ளிட்ட பெருந்தொகை வாசனைப் பொருட்கள் தீயிடப்பட்டதைக் கண்டதாகப் பிரெஞ்சு இயற்கையியலாளர் வல்மோன் டி பொமார் எழுதியுள்ளார். சரக்குக் கெட்டுப்போனமையால் அவ்வாறு செய்யப்படவில்லை. சந்தையில் சரக்கு மிகுந்து விலை வீழ்ந்துவிடக் கூடாது என்பதே காரணம்.

அதே 1760இல் இலங்கையின் ஒல்லாந்தர் பகுதியில் விவசாயிகளின் கிளர்ச்சி வெடித்தது. கறுவா மரங்கள் வளரும் நிலத்தில் சேனை வெட்டவும் தோட்டம் செய்யவும் கம்பனி விதித்த தடைகள் அதற்கு முக்கிய காரணமாயிருந்தன. கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் கிளர்ச்சிக்குத் துணைநின்றான். மூண்ட போர் 1766இல் ஓர் உடன்படிக்கையுடன் முடிந்தபோது, கண்டி இராச்சியம் தன் கரையோரம் முழுவதையும் இழந்திருந்தது. குரக்கன் விதைக்க நிலம் கேட்டவனுக்கு மறுக்கப்பட்ட காட்டிலிருந்து சென்ற பட்டை, மறு கரையில் விலைக்காக எரிந்துகொண்டிருந்தது.

ஏனைய தீவுகளின் கதை இதனினும் கொடியது. சாதிக்காய் விளைந்த பண்டாத் தீவுகளை 1621இல் யான் பீட்டர்ஸூன் கூன் தலைமையில் கம்பனி தாக்கியது. சுமார் 15,000 பேராக மதிப்பிடப்படும் மக்களில் ஆயிரம் பேர் அளவிலேயே அங்கு எஞ்சினர். வெற்றிடத்தை அடிமைகளைக் கொண்டு நிரப்பினர். கராம்பு மரங்களை அம்போன் பகுதிக்குள் ஒடுக்கி, ஏனைய தீவுகளில் இருந்தவற்றை வெட்டியழித்தனர்.

விலை வீழ்ந்தபின்

எந்த ஏகபோகமும் என்றென்றும் நிலைப்பதில்லை. 1769இல் ஆளுநர் ஃபல்க் காலத்தில் கொழும்பு மருதானையில் கறுவாவைப் பயிரிட்டுப் பார்த்தனர், அது செழித்தது. கொழும்பின் செல்வந்தர் வாழும் ஏழாம் வட்டாரம் இன்றும் கறுவாத்தோட்டம் என்றே அழைக்கப்படுகிறது. 1770இல் பியர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரரின் முயற்சியால் கராம்புக் கன்றுகள் மொரீசியசுக்குக் கடத்தப்பட்டன. பின்னர் சன்சிபாரில் பெருந்தோட்டங்கள் எழுந்தன. 1796இல் இலங்கைக் கரையோரம் பிரித்தானியர் கைக்கு மாறியது. 1833இல் கறுவா ஏகபோகம் ஒழிக்கப்பட்டது. கடும் ஏற்றுமதித் தீர்வையும் மலிவான கசியாப் பட்டையின் போட்டியும் இலங்கைக் கறுவாவைத் தாழ்த்தின. ஆட்சியாளரின் பார்வை மலைநாட்டுக் கோப்பி மீது திரும்பியது. அதற்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் துயரக் கதை தனியே எழுதப்பட வேண்டியது.

வாசனைப் பொருட்கள் மலிந்த பின்னரே, மன்னர் மேசையிலிருந்த மது நடுத்தர வீட்டு அடுப்புக்கு வந்தது. சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1843இல் வெளியிட்ட நத்தார்க் கதையின் முடிவில், மனந்திருந்திய கஞ்சன் ஸ்குரூஜ் தன் எழுதுவினைஞனை 'பிஷப்' எனப்படும் சூடான வாசனை மதுவுக்கு அழைக்கிறான். இரண்டாண்டுகளின் பின் எலைசா அக்டன் எழுதிய சமையல் நூலில் அதன் செய்முறை இடம்பெற்றது: கராம்பு குத்திய எலுமிச்சையைத் தணலில் வாட்டிச் சூடான போர்ட் வைனில் இடுவது. 1956இல் ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் குளூவைன் போத்தலில் அடைத்து விற்கப்பட்டது. பின்னர் அது சந்தைச் சரக்காயிற்று.

வீட்டில் தயாரிக்க

வீட்டிலேயே செய்ய விரும்புவோருக்கு முறை எளிது. 750 மில்லிலீற்றர் சிவப்பு வைனுக்கு இரு கறுவாப்பட்டைச் சுருள், ஐந்தாறு கராம்பு, வட்டமாக அரிந்த ஒரு தோடம்பழம், மூன்று அல்லது நான்கு மேசைக்கரண்டிச் சீனி போதும். விலையுயர்ந்த வைன் வேண்டியதில்லை. முதலில் சீனியையும் வாசனைப் பொருட்களையும் சிறிதளவு வைனில் காய்ச்சிப் பாகாக்கி, பின் மிகுதியை ஊற்றி, இளஞ்சூட்டில் இருபது நிமிடம் வைத்து வடித்துக்கொள்க. கொதிக்க விடலாகாது, மதுசாரம் 78 பாகை செல்சியசிலேயே ஆவியாகும் என்பதோடு, கராம்பும் அதிகம் அவிந்தால் கசக்கும். மது அருந்தாத வீடுகளிலும் பிள்ளைகளுக்கும் திராட்சைச் சாறும் அப்பிள் சாறும் கொண்டு இதே முறையில் செய்யலாம். சீனியைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கறுவாவைத் தெரிவதில் மட்டும் கவனம் தேவை. மேலை நாட்டுக் கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் கசியா. அது தடித்து, ஒற்றை மடலாகச் சுருண்டிருக்கும். இலங்கைக் கறுவா மெல்லிய பட்டைகள் ஒன்றினுள் ஒன்றாகச் செருகப்பட்டுச் சுருட்டுப்போல இருக்கும், விரலால் நொருக்கலாம். கசியாவிலுள்ள குமாரின் என்ற பொருள் மிகுந்தால் ஈரலுக்குத் தீங்கு என்று ஜேர்மன் அரசின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2006இல் எச்சரித்தது. இலங்கைக் கறுவாவில் அது மிகச் சொற்பம். 2022 பெப்ரவரியில் 'சிலோன் சினமன்' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. இலங்கைப் பொருளொன்று அப்பாதுகாப்பைப் பெற்றமை அதுவே முதற்றடவை.

பெயருக்குப் பாதுகாப்புக் கிடைத்துவிட்டது. உரிப்பவரின் நிலை என்ன? காலி, மாத்தறை மாவட்டங்களில் இன்றும் கறுவா கையாலேயே உரிக்கப்படுகிறது. மேற்றோலைச் சுரண்டி, பித்தளைக் கோலால் தேய்த்து, சிறு கத்தியால் கீறி, கிழியாமல் கழற்றி எடுப்பது பயிற்சி மிகுந்த வேலை. இயந்திரங்களால் அதனை முழுமையாகச் செய்ய முடிவதில்லை. ஆயினும் இளைஞர்கள் இத்தொழிலுக்கு வரத் தயங்குகின்றனர். காரணம் உழைப்பின் கடுமை மட்டுமன்று. 'கறுவா உரிப்பவன்' என்ற சொல்லில் ஒட்டியிருக்கும் பழைய சாதி இழிவும்தான். மகாபத்த ஒழிந்து இருநூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. அது இட்ட முத்திரை இன்னும் அழியவில்லை.

சூரிச்சிலோ ஒஸ்லோவிலோ பிறந்து வளரும் எமது பிள்ளைகள் இப்பானத்தை முற்றிலும் பிறநாட்டாருடையது என்றே எண்ணிக்கொண்டிருப்பர். கோப்பையின் அடியில் கிடக்கும் பட்டையை எடுத்துக் காட்டி, அது எங்கே விளைந்தது, யார் உரித்தார்கள், அதற்காக என்னவெல்லாம் நடந்தன என்பதைப் பெரியோர் அவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும். பாடநூல்களில் அவர்கள் இதைப் படிக்கப்போவதில்லை.