ஆஸ்பிரினும் கீழாநெல்லியும்: கல்லீரலுக்காக இரு வழக்குகள்

சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டி போன்ற ஊர்களில் கீழாநெல்லியை யாரும் விதைப்பதில்லை. மழை பெய்தால் வரப்போரம் தானே முளைக்கிறது. ஆஸ்பிரினையும் யாரும் தேடி அலைவதில்லை. எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிறது. முன்னது மஞ்சள் காமாலைக்கு மோரில் அரைத்துக் கலக்கிக் குடிக்கும் பச்சிலை. பின்னது ஒரு காலத்தில் தலைவலி மாத்திரை, இன்று இதய நோயாளியின் அன்றாட மாத்திரை. கல்லீரல் புற்றுநோயை ஆஸ்பிரின் தடுக்குமா என்ற கேள்வியைக் கீழாநெல்லியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது இன்னும் தெளிவாகிறது.

முதலில் உறவு. கீழாநெல்லி செடி; ஆஸ்பிரினின் மூதாதையும் வில்லோ மரப்பட்டைதான். இரண்டும் நெடுங்காலம் வேறு வேலை பார்த்தவை. இரண்டுமே பின்னர் ஒரே பகைவனுக்கு எதிராக ஆராயப்பட்டன. கல்லீரலில் பல்லாண்டு தங்கி, அதைச் சுருக்கி, இறுதியில் புற்றுக்கு வழிவிடும் ஹெபடைடிஸ் பி வைரஸே அந்தப் பகைவன்.

கீழாநெல்லியின் வழக்கு சென்னையில் எழுந்தது. எஸ்.பி. தியாகராஜன் குழுவினரும், இந்த வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் ப்ளம்பெர்க்கும் இணைந்து 1988இல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வைரஸைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி தந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவினருக்கு மருந்தற்ற போலிப்பொடி. பொடி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது. மற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது.

ஆஸ்பிரினின் வழக்கு ஸ்வீடனின் மருத்துவப் பதிவேடுகளிலிருந்து எழுந்தது. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி அல்லது சி உள்ள 50,275 பேரின் பதிவுகளை ட்ரேசி சைமன் குழுவினர் ஆராய்ந்து, 2020இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எழுதினர். பத்தாண்டுகளில் கல்லீரல் புற்று வந்தோர், குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 4.0 விழுக்காடு, எடுக்காதவர்களில் 8.3 விழுக்காடு. மற்ற வேறுபாடுகளைக் கணக்கில் சேர்த்த பிறகும் அபாயம் 31 விழுக்காடு குறைவாகவே இருந்தது. ஐந்தாண்டுக்கு மேல் எடுத்தவர்களிடம் குறைவு இன்னும் கூடியது.

வியப்பு இங்கேதான். சென்னை ஆய்வில் போலிமருந்து ஒப்பீடு இருந்தது. ஆனால் ஆட்கள் சிலர், காலம் குறுகியது, அளந்தது இரத்தக் குறியீடு, புற்று அல்ல. ஸ்வீடன் ஆய்வில் ஆட்கள் ஏராளம், காலம் நீண்டது, அளந்தது புற்றையே. ஆனால் போலிமருந்து ஒப்பீடு இல்லை. ஒன்றின் பலம் அப்படியே மற்றதன் குறை.

இயங்கும் விதத்திலும் இருவரும் எதிரெதிர். கீழாநெல்லி வைரஸ் பெருகுவதையே தடுப்பதாகக் கருதப்பட்டது. ஆஸ்பிரினோ வைரஸைத் தொடுவதில்லை. உடலின் சீற்றத்தைத் தணிக்கிறது. இரத்தத் தட்டணுக்களின் துணையோடு கல்லீரலில் நுழையும் தற்காப்பு அணுக்கள், வைரஸோடு கல்லீரலையும் ஓயாமல் புண்படுத்துகின்றன. 2012இல் இத்தாலிய ஆய்வாளர்கள் எலிகளுக்கு ஆஸ்பிரினையும், அதுபோலவே தட்டணுக்களைத் தடுக்கும் க்ளோபிடோக்ரல் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது அந்தப் புண்ணும் குறைந்தது, புற்றும் குறைந்தது.

மறுசோதனையில் இருவரின் பாதையும் பிரிந்தது. தாய்லாந்து முதலிய இடங்களில் கீழாநெல்லி சென்னையின் வெற்றியைக் காட்டவில்லை. செடியின் இனமும் மண்ணும் பறித்த பருவமும் மாறினால் மருந்தும் மாறும் என்று ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. ஆஸ்பிரின் எங்கும் ஒரே மூலக்கூறு. தைவானிலும் அமெரிக்காவிலும் பதிவேடுகள் ஒரே திசையையே காட்டின.

ஆனாலும் ஒரு பலவீனம் இருவருக்கும் பொது. காமாலையில் பெரும்பகுதி தானாகவே தணியும். பெருமை கீழாநெல்லிக்குச் சேர்கிறது. தினமும் ஆஸ்பிரின் எடுப்பவர் மருத்துவரைத் தொடர்ந்து பார்ப்பவர். அந்தக் கவனிப்பின் பலன் ஆஸ்பிரினின் கணக்கில் சேரலாம். புள்ளியியல் இந்தக் கலப்பைக் குறைக்கும், அறவே நீக்காது.

தீங்கில் வேறுபாடு உண்டு. பச்சிலையை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதே அங்கே பெரிய ஆபத்து. இங்கே ஆபத்து மருந்துக்குள்ளேயே இருக்கிறது. கல்லீரல் சுருங்கி உணவுக்குழல் நாளங்கள் வீங்கியவருக்கு ஆஸ்பிரின் உயிர்போக்கும் இரத்தக்கசிவைத் தரலாம். வலி மாத்திரை எல்லாமே கல்லீரலுக்கு நல்லது என்று எண்ணுவதும் கூடாது. அளவு மீறிய பாராசிட்டமால் கல்லீரலையே அழிக்கும்.

இவ்விரண்டில் ஆஸ்பிரினின் சாட்சியமே இன்று கனமானது. தீர்ப்பு எழுத அதுவும் போதாது. சென்னை ஆய்வின் முறையும் ஸ்வீடன் ஆய்வின் கால நீளமும் ஒரே ஆய்வில் சேரும்போதுதான் தீர்ப்பு வரும். தீர்ப்புக்குக் காத்திராத காவலும் நம்மிடம் இருக்கிறது. கீழாநெல்லியை ஆராய்ந்த அதே ப்ளம்பெர்க்கின் கண்டுபிடிப்பிலிருந்து வந்தது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. 1984இல் அதைக் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கிய தைவானில் சிறார் கல்லீரல் புற்று குறைந்தது. நம் நாட்டிலும் 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் வைரஸ் மருந்தும் இலவசம். பிறந்த குழந்தைக்கு ஊசி, பெரியவருக்குப் பரிசோதனை: இந்த இரண்டையும் முடித்தவரே, ஆஸ்பிரின் தனக்கு வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்கும் நிலையில் இருக்கிறார்.