ஒரு கைக்குக் கட்டுப்பட்ட பல எஞ்சின்கள்



கோச்சி ஏறுவதென்றால் நிந்தவூரிலிருந்து நாம் மட்டக்களப்புக்குத்தான் போக வேண்டும். 1928இல் அங்கு வந்த தண்டவாளம் அதற்குத் தெற்கே நம் கரையோரத்துக்கு இன்னும் வரவில்லை. ஆனாலும் கோச்சியின் வரலாற்றில் நம் பிள்ளைகள், குறிப்பாக உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படிப்பவர்கள், அறிய வேண்டிய ஒரு பகுதி உண்டு. பல எஞ்சின்களை ஒருவரே ஓட்டுவது எப்படி என்பதுதான் அது.

கண்டிக்கான பாதை 1867இல் திறந்தது. கடுகண்ணாவை ஏற்றத்தில் சுமார் 45 அடிக்கு ஓரடி பாதை உயர்கிறது. நீராவிக் காலத்தில் பாரமான கோச்சியை முன்னால் ஓர் எஞ்சின் இழுக்க, பின்னால் இன்னொன்று தள்ளியது. ஒவ்வொன்றிலும் தனித்தனிச் சாரதி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. விசில் சத்தம்தான் அவர்களுக்குள் பேச்சு. பலம் இரண்டு மடங்கு இருந்தும், ஒற்றுமையாக இழுப்பதுதான் கஷ்டம்.

இதற்கு வழி கண்டவர் அமெரிக்கப் பொறியியலாளர் பிராங்க் ஸ்பிரேக். 1897இல் சிக்காகோ நகரின் மேம்பாலப் புகையிரதத்துக்காக, ஒவ்வொரு பெட்டிக்கும் தனி மோட்டார் வைத்தார். சாரதியின் கைப்பிடியிலிருந்து மெல்லிய கம்பிகள் கட்டளையை மட்டும் கொண்டுபோகும். மின்சக்தியை அந்தந்தப் பெட்டியே எடுத்துக்கொள்ளும். பரிசோதனையின்போது ஆறு பெட்டிகளையும் தன் சின்ன மகனிடமே ஓட்டக் கொடுத்தார். கொழும்பில் இரண்டு பவர் செட்கள் இணைந்து ஒரே சாரதியுடன் ஓடுவதும் இந்த வழியில்தான்.

மாதிரிக் கோச்சிகளுக்கு இது தாமதமாகவே வந்தது. முன்பு தண்டவாளத்தில் மின்னழுத்தத்தைக் கூட்டினால், அதன் மீதுள்ள எல்லா எஞ்சின்களும் ஓடும். இரண்டைச் சேர்த்து ஓட்டி, மூன்றாவதைத் தனியாக விட வழியில்லை. ஜெர்மனியின் பெர்ன்ட் லென்ஸ் உருவாக்கிய டிஜிட்டல் முறையை அடிப்படையாக வைத்து, அமெரிக்க மாதிரிப் புகையிரதச் சங்கம் 1994இல் பொதுத் தரம் ஒன்றை வகுத்தது. அதன்படி ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் டிகோடர் என்ற சிறு சில்லு இருக்கும். தண்டவாளம் வழியே வரும் கட்டளைகளில் தன் இலக்கத்துக்கு உரியதை மட்டும் அது ஏற்கும்.

இரண்டு எஞ்சின்களைச் சேர்க்க, முதலில் வேகத்தைச் சமப்படுத்த வேண்டும். இரண்டையும் இடைவெளி விட்டு ஓடவிட்டு, வேகமானதை மெதுவானதன் அளவுக்குக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று இழுத்துச் சக்கரம் வழுக்கும். அடுத்து, டிகோடரின் 19ஆம் பதிவில் இரண்டுக்கும் ஒரே குழு இலக்கம், உதாரணமாக 10, இட வேண்டும். பின்பக்கம் திரும்பி நிற்கும் எஞ்சினுக்கு அதோடு 128ஐக் கூட்டி 138 என இட வேண்டும். 0 இட்டால் குழு கலைந்துவிடும். 128 ஏன் என்பது, இரும எண் படித்த பிள்ளைக்கு உடனே விளங்கும்: அது எட்டாவது பிட்.

அந்தத் தரம் ஒரு கம்பனிக்குள் பூட்டப்படவில்லை. யாரும் வாசிக்கலாம். ஆடுயினோ பலகை ஒன்றைக் கொண்டு அந்தக் கட்டளைகளை நாமே உருவாக்கலாம். தண்டவாளம் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. அது வரும் நாளில் அதை இயக்கத் தெரிந்த பிள்ளைகள் நம் ஊரில் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது. பாடசாலைக் கண்காட்சிக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கும் பெற்றோரே, இதைப் பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், நாமும் கூட நிற்போம்.