சிவப்புக் கனரியும் ஒரு பாடசாலை ஆசிரியரும்



நமதூரில் பறவை வளர்க்கும் தம்பிமார் பலர் இந்தப் பக்கத்தை வாசிப்பதுண்டு. மெண்டலின் பட்டாணியைப் படிப்பித்துப் படிப்பித்து நமக்கே அலுத்துவிட்டது. இன்று அவர்களுக்குப் பிடித்த கதையொன்றைச் சொல்வோம்.

ஜேர்மனியின் பிரேமன் நகரில் ஹான்ஸ் டுங்கர் என்றோர் ஆசிரியர் இருந்தார். விலங்கியலில் கலாநிதிப் பட்டம் பெற்றும் பாடசாலையில்தான் படிப்பித்தார். அதே நகரில் கார்ல் ரைஹ் என்ற பறவை வளர்ப்பாளர். தன் கனரிகளுக்கு நைட்டிங்கேலின் பாட்டைப் பழக்கியவர். அவர் வளர்த்த நைட்டிங்கேலின் குரல் 1910இலேயே இசைத்தட்டாக விற்பனைக்கு வந்தது. 1920களில் இருவரும் சேர்ந்தார்கள். டுங்கருக்கு மெண்டலின் விதி தெரியும். ஆனால் கூடு கட்டவைத்து, குஞ்சு பொரிக்கவைத்து, அதைப் பிழைக்கவைக்கும் கைப்பக்குவம் ரைஹிடம்தான் இருந்தது.

கனரியில் மஞ்சள் உண்டு, சிவப்பு இல்லை. வெனிசுவேலாவில் வாழும் ரெட் சிஸ்கின் என்ற சிறிய பிஞ்ச் பறவையின் ஆணுக்குத் தலை கறுப்பு, உடல் சிவப்பு. அந்தச் சிவப்பைக் கனரிக்குள் கொண்டுவர டுங்கர் திட்டமிட்டார். ஆண் சிஸ்கினைப் பெட்டைக் கனரியோடு சோடி சேர்த்தபோது செம்பு நிறக் குஞ்சுகள் வந்தன. பெட்டைக் குஞ்சுகள் பெரும்பாலும் மலடு. இனம்பெருக்கக்கூடிய ஆண்களை மறுபடி கனரியோடு சேர்த்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் சிஸ்கினின் பங்கு பாதி, கால், அரைக்கால் என்று குறையும்; நிறமுள்ள குஞ்சை மட்டும் தெரிந்தெடுத்தால் அந்தப் பரம்பரையலகு தங்கிவிடும்.

கணக்கு சரி. ஆனால் கிடைத்தது செம்மஞ்சள்தான். சிவப்புக்குப் பரம்பரையலகோடு தீனியும் வேண்டும் என்பது டுங்கருக்குப் பிடிபடவில்லை. பின்வந்த வளர்ப்பாளர்கள்தான், இறகு உதிர்ந்து முளைக்கும் காலத்தில் கரட்டில் உள்ளது போன்ற நிறப்பொருள்களைக் கொடுத்து அதைக் கண்டார்கள்.

இந்த மனிதரைப் புகழ்ந்துவிட்டு மட்டும் போக நமக்கு மனமில்லை. கூட்டுக்குள் செய்த தெரிவை மனிதரிலும் செய்யலாம் என்று நம்பி, இன மேம்பாட்டுக் கொள்கையை ஆதரித்தவர் அவர். 1933இல் ஹிட்லரின் அரசு கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தது அந்தக் கொள்கையின் பெயரில்தான். உணவின் பங்கைக் கனரியில் காணத் தவறியவர், மனிதனில் வளர்ப்பின் பங்கையும் காணவில்லை.

2016இல்தான் விடையின் முக்கிய பகுதி கிடைத்தது. போர்த்துக்கலில் உள்ள ஆய்வாளர்களும் அவர்களது சகாக்களும் சிவப்புக் கனரி, மற்றைய கனரி வகைகள், சிஸ்கின் ஆகியவற்றின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டார்கள். சிவப்புக் கனரியில் சிஸ்கினின் துண்டுகள் இன்னும் இருந்தன. அதிலுள்ள ஒரு பரம்பரையலகு ஆக்கும் நொதியம், தீனியில் வரும் மஞ்சளைச் சிவப்பாக மாற்றுகிறது. வளர்ப்பாளர்கள் பல தசாப்தங்களாகக் கண்ணால் பார்த்துத் தெரிந்தெடுத்திராவிட்டால், ஒப்பிட அந்தப் பறவையே இருந்திராது.

ஆனால் அந்தச் சிவப்புக்காகவே சிஸ்கினைப் பொறிவைத்துப் பிடித்துப் பிடித்து, வெனிசுவேலாவில் அது அருகிப்போனது. 2000இல் கயானாவில் இன்னொரு கூட்டம் கண்டுபிடிக்கப்பட்டது ஆறுதல். இன்று ஸ்மித்சோனியன் நிறுவன ஆய்வாளர்கள் அதைக் காக்க, அமெரிக்கப் பிஞ்ச் வளர்ப்பாளர்களையும் துணைக்கு அழைத்திருக்கிறார்கள். கூட்டில் வளர்ந்ததைக் காட்டில் விடுவதென்றால், அதில் வேற்றினக் கலப்பு இல்லையா, நெருங்கிய உறவுக்குள் பிறந்து பல்வகைமை வற்றிப்போகவில்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு இரத்தத்துளியோடு, இந்தக் குஞ்சின் தாய் எது, தகப்பன் எது என்று வளர்த்தவர் எழுதிவைத்த கொப்பியும் தேவைப்படுகிறது.