பேருந்து இருக்கையில் தொடங்கிய போராட்டம்: தலஹாசி, 1956

வளாகத்துப் பஸ் நேரத்துக்கு வரல, வந்தாலும் நிற்க இடமில்ல என்று பல்கலைக்கழகத்தில் படிக்கும் அண்ணன், அக்கா குறைபட்டுக்கொள்வதைக் கேட்டிருப்பீங்க. பெரும்பாலும் அது குறையோடு முடிந்துவிடும். ஆனால், மாணவர்களின் பேருந்து அதிருப்தி ஒரு நகரத்தையே அசைத்த கதையும் உண்டு. வரலாற்றுத் தேர்வு எழுதுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத் தலைநகரம் தலஹாசி. அங்குள்ள புளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் அக்காலத்தில் கறுப்பினத்தவருக்கு மட்டுமான கல்வி நிலையம். அதன் மாணவர்கள் நகரப் பேருந்தில் ஏறினால் பின்பகுதியில்தான் உட்கார வேண்டும். காசு கொடுத்தாலும் முன்னால் இடமில்லை.

1956 மே 26. வில்ஹெல்மினா ஜேக்ஸ், கேரி பேட்டர்சன் என்ற இரு மாணவிகள் நெரிசலான பேருந்தில் ஏறினார்கள். முன்பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது, உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்து பின்னால் போகச் சொன்னார் ஓட்டுநர். கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தால் இறங்கிவிடுகிறோம் என்றார்கள் மாணவிகள். ஓட்டுநர் மறுத்துப் போலீஸை அழைத்தார். இருவரும் கைதானார்கள். மறுநாள் அவர்கள் தங்கியிருந்த வீட்டின் முன் ஒரு சிலுவை எரிக்கப்பட்டது. கறுப்பினத்தவரை மிரட்ட இனவெறியர்கள் கையாண்ட வழி அது.

மே 28-இல் மாணவர்கள் வளாகத்தில் கூடினார்கள். தவணை முடியும்வரை பேருந்தில் ஏறுவதில்லை என்று முடிவெடுத்தார்கள்.

இங்கே கொஞ்சம் நில்லுங்க. ‘தவணை முடியும்வரை’ என்றால் எத்தனை நாள்? விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்தது. மாணவர்கள் ஊருக்குப் போய்விட்டால் போராட்டமும் அவர்களோடு போய்விடும். பேருந்து நிறுவனம் காத்திருந்தாலே போதும்!

அப்படி நடக்கவில்லை. மறுநாளே நகரத்துப் போதகர்களும் பொதுமக்களும் கூடி, சி.கே. ஸ்டீல் என்ற போதகர் தலைமையில் ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். வேலைக்குப் போகிறவர்கள் நடந்தார்கள். கார் வைத்திருந்தவர்கள் மற்றவர்களை ஏற்றிச் சென்றார்கள். வருமானம் குறைந்ததால் ஜூலைத் தொடக்கத்தில் நிறுவனம் சேவையையே நிறுத்தியது; ஆகஸ்டில்தான் பேருந்துகள் மீண்டும் ஓடின. உரிமமில்லாமல் போக்குவரத்துச் சேவை நடத்துகிறார்கள் என்று அக்டோபரில் நீதிமன்றம் போராட்டக்காரர்களுக்கு அபராதம் விதித்தது. ஆனாலும் அவர்கள் டிசம்பர்வரை தாக்குப்பிடித்தார்கள். அதற்குள், மாண்ட்கோமரி நகர வழக்கில், பேருந்தில் இனப்பிரிவினை சட்டத்துக்குப் புறம்பானது என்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருந்தது.

உடனே எல்லாம் மாறிவிடவில்லை. யார் எங்கே உட்காரலாம் என்பதை ஓட்டுநரே முடிவு செய்யலாம் என்று 1957-இல் நகர நிர்வாகம் புதிய விதி கொண்டுவந்தது. அதை எதிர்த்து அமர்ந்த மாணவர்களும் கைதானார்கள். பிரிவினை படிப்படியாகத்தான் விலகியது.

தேர்வில் காரணங்களைக் கேட்டால் இரண்டையும் பிரித்து எழுதுங்க. இரு மாணவிகளின் கைது உடனடிக் காரணம். பல்லாண்டு இனப்பிரிவினை அடிப்படைக் காரணம். முதலாவதை மட்டும் எழுதினால் பாதி விடைதான்.

ஆசிரியர்கள் வகுப்பில் கலந்துரையாட ஒரு கேள்வி: மாணவர்கள் இல்லாவிட்டால் இந்தப் போராட்டம் தொடங்கியிருக்குமா? நகர மக்கள் இல்லாவிட்டால் விடுமுறையைத் தாண்டியிருக்குமா? பாடநூல்களில் தலைவர்களின் பெயர்தான் முதலில் வரும். தலஹாசியில் முதலில் வந்தவர்கள், பஸ்ஸில் இடம் தேடிய இரண்டு மாணவிகள்.