கிண்டியில் நிதி, பாம்பனில் பாசி... தீவுத் தொழில்முனைவோருக்கு ஸ்டார்ட்அப் உதவி போய்ச் சேருதா? முழு விவரம்

ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்கும்போது தட்டில் வரும் ‘கடல்பாசி’யைச் சாப்பிடாதவர்கள் குறைவு. ஐஸ்கிரீம் சீக்கிரம் உருகாமல் இருப்பதற்கும், பற்பசை கூழாக நிற்பதற்கும்கூட பாசியிலிருந்து எடுக்கும் பொருள்தான் உதவுது. இந்தப் பாசியைக் கடலில் இறங்கி எடுக்கும் பெண்கள் ராமநாதபுரம் மாவட்டம் பாம்பன் தீவில் இருக்கிறார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாக இதுதான் அவர்களின் பிழைப்பு.

ஆனா தீவிலிருந்து வெளியே போவது பெரும்பாலும் காய்ந்த பாசி மூட்டைதான். அதைத் தூளாக, கூழாக, திரவ உரமாக மாற்றும் ஆலை வேறு ஊரில். லாபத்தில் பெரும்பங்கும் அங்கேதான். மூட்டை கட்டும் பெண்களே நிறுவனம் நடத்த முடியாதா? அதற்குத்தான் ‘இன்குபேட்டர்’, ‘ஸ்டார்ட்அப் நிதி’ என்று திட்டங்கள் இருக்கு. அவற்றில் சிலவற்றின் தலைமை அலுவலகம் சென்னை கிண்டியில். கிண்டியிலிருந்து ராமேஸ்வரத்துக்குச் சாலை வழியே சுமார் 550 கிலோமீட்டர்.

இன்குபேட்டர்னா என்ன?

குறைமாதக் குழந்தையை வைக்கும் கண்ணாடிப் பெட்டியின் பெயர்தான். புதுசா தொழில் தொடங்குபவருக்கு முதல் சில ஆண்டுகள் இடம், கருவி, ஆலோசனை, முதலீட்டாளர் தொடர்பு எல்லாம் கொடுத்துத் தாங்கிப் பிடிக்கும் மையம். தமிழில் ‘தொழில் வளர்காப்பகம்’ என்கிறார்கள்.

இந்தச் சொல் நம்ம ஊருக்கு வருவதற்கு முன்பே கிண்டி இந்த வேலையைச் செய்திருக்கு. காமராஜர் முதல்வராக, ஆர்.வெங்கட்ராமன் தொழில்துறை அமைச்சராக இருந்தபோது, 1958-ல் கிண்டி தொழிற்பேட்டை வந்தது. இப்போது திரு.வி.க. தொழிற்பேட்டை என்று பெயர். சிறு தொழில் செய்பவரிடம் ‘நிலம் வாங்கு, கட்டடம் கட்டு, மின்சாரத்துக்கு அலை’ என்று சொல்லாமல், கட்டி முடித்த ஷெட், மின் இணைப்பு, தண்ணீர், சாலை எல்லாவற்றையும் முதலிலேயே தயாராக வைத்ததுதான் அதன் சூட்சுமம். லேத் பட்டறைக்காரர் இயந்திரத்தோடு வந்து இறங்கினால் போதும். இந்தக் கட்டுரையில் அந்த ஷெட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிண்டியில் இப்போது யார் யார்?

தொழில் வணிக ஆணையரகம், சிட்கோ இரண்டும் கிண்டியில்தான் இருக்கின்றன. 2001-ல் தொடங்கப்பட்ட தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனமும் அதே தொழிற்பேட்டையில். இந்த நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர் திட்டத்தில் இரண்டு படி: யோசனையை மாதிரிப் பொருளாக்க 2 லட்சம் ரூபாய் வரை, அதைச் சந்தைக்குக் கொண்டுபோக 5 லட்சம் வரை. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான ‘நீட்ஸ்’ திட்டத்தின் பயிற்சியையும் இவர்கள்தான் கொடுக்கிறார்கள். நீட்ஸில் 10 லட்சம் முதல் 5 கோடி வரையிலான திட்டங்களுக்கு 25 சதவீத மானியம், அதிகபட்சம் 75 லட்சம்.

இது தவிர தமிழக அரசின் ‘ஸ்டார்ட்அப் டிஎன்’ அமைப்பின் ‘டான்சீட்’ ஆதார நிதி. 10 லட்சம் ரூபாய் வரை. பெண்கள் நடத்தும் நிறுவனம், கிராமப்புறத்துக்குப் பயன்படும் நிறுவனம், பசுமைத் தொழில்நுட்பம் என்றால் 15 லட்சம் வரை. பதிலுக்கு நிறுவனத்தில் 3 சதவீதப் பங்கு.

பாம்பன் பெண்களைப் பொறுத்தவரை, பெண்கள், கிராமம், பசுமை மூன்றுமே பொருந்துது. அப்புறம் என்ன சிக்கல்?

பாம்பனில் நடந்தது என்ன?

இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போகணும். தீவைச் சுற்றி இயற்கையாக வளரும் பாசிகளுக்கு மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று உள்ளூர்ப் பெயர்களே உண்டு. மரிக்கொழுந்திலிருந்து அகர் எடுக்கலாம், கட்டக்கோரையிலிருந்து அல்ஜின். இவற்றைக் கையால் பறிப்பது ஒரு தொழில்.

பாசியைப் பயிரிடுவது வேறு தொழில். வெளிநாட்டிலிருந்து வந்த ‘கப்பாஃபைகஸ்’ என்ற பாசியை, மத்திய உப்பு மற்றும் கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் மண்டபம் பகுதியில் வளர்த்துப் பார்த்தது. 2000-க்குப் பிறகு பெப்சிகோ நிறுவனம் ஒப்பந்த அடிப்படையில் களமிறங்கியது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மிதவை கட்டின. 2008-ல் அந்தத் தொழிலை அக்வாக்ரி நிறுவனம் வாங்கியது. பாசிச் சாற்றிலிருந்து வரும் ‘சாகரிகா’ திரவ உரம் இன்று நாடு முழுக்க விற்குது. ஆலை இருப்பது மானாமதுரையில்.

மிதவைக் கணக்கு ரொம்ப எளிமையானது. மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் மூங்கில் சட்டம், கயிறு, 60 கிலோ விதைப்பாசி. 45 நாளில் சுமார் 260 கிலோ ஆகும். ஒருவருக்கு 45 மிதவை இருந்தால் தினமும் ஒன்றை அறுவடை செய்யலாம். விதைக்கு 60 கிலோ ஒதுக்கினால் மிச்சம் 200 கிலோ ஈரப்பாசி. காயவைத்தால் பத்தில் ஒரு பங்குதான் நிற்கும். ஆக, ஒரு நாள் உழைப்பு 20 கிலோ காய்ந்த பாசி. காயும்போது மழை பெய்தால் அதுவும் போச்சு.

2013-14-ல் அதைவிடப் பெரிய அடி விழுந்தது. கடல்நீர் சூடேறி, நோய் தாக்கி, பாசி கூட்டம் கூட்டமாக அழிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு 1,500 டன் அளவில் இருந்த காய்ந்த பாசி உற்பத்தி சரிந்தது. பலர் மிதவையைக் கைவிட்டார்கள். ஒரே வகைப் பாசி, மூட்டையாக மட்டுமே விற்பனை என்று இருந்தால், கடல் ஒரு டிகிரி சூடேறினாலே கதை முடிஞ்சுது. இந்த இடத்தில்தான் இன்குபேட்டர் மாதிரி ஏதாவது பக்கத்தில் இருந்திருக்கணும் என்று தோணுது.

கடலிலும் எல்லை இருக்கு

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே உள்ள 21 குட்டித் தீவுகள் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கும் வனத்துறைக்கும் உரசல் பல ஆண்டுக் கதை. பாசி எடுப்பதை மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள் மட்டும் என்று பெண்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அந்த முயற்சியை முன்னின்று நடத்திய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது.

பயிரிடும் பாசிக்கும் கட்டுப்பாடு உண்டு. 2005 அரசாணைப்படி, கப்பாஃபைகஸ் பாசியை பாக் நீரிணை பக்கமும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் மட்டுமே வளர்க்கலாம். குருசடை தீவில் பவளப்பாறை மேல் இந்தப் பாசி படர்ந்ததைப் பின்னர் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். பவளம் போனால் மீனும் போயிடும்.

சென்னையில் செயலி தொடங்குபவருக்கு இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. கடலில் தொழில் தொடங்குபவர் மீன்வளத் துறை, வனத்துறை இரண்டையும் தாண்டித்தான் சந்தைக்கே வரணும்.

சுயஉதவிக் குழு ‘ஸ்டார்ட்அப்’ ஆகாதா?

பலருக்கும் தெரியாத சங்கதி இதுதான். டான்சீட் போன்ற நிதிகளுக்கு முதலில் மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் வேணும். 2019 அறிவிக்கையின் வரையறைப்படி அது பிரைவேட் லிமிடெட், பதிவு பெற்ற கூட்டாண்மை, எல்எல்பி ஆகிய மூன்றுக்குத்தான் என்று இருந்தது. சுயஉதவிக் குழு அந்தப் பட்டியலில் இல்லை. தனி ஒருவர் தன் பெயரில் நடத்தும் கடையும் இல்லை. பல ஆண்டு அனுபவம் உள்ள பாசிக் குழு காகிதத்தில் ஸ்டார்ட்அப் கிடையாது. போன மாதம் பதிவான எல்எல்பி ஸ்டார்ட்அப்!

வழி இல்லாமல் இல்லை. இரண்டு பேர் சேர்ந்தாலே எல்எல்பி தொடங்கலாம். பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்து கம்பெனிகள் சட்டத்தின் கீழ் உற்பத்தியாளர் நிறுவனம் பதிவு செய்யலாம். ஆனா பதிவோடு முடியாது. ஆண்டுக் கணக்கு, ஆடிட்டர், தாக்கல் தேதி, தாமதமானால் அபராதம் எல்லாம் கூடவே வரும். முதல் இரண்டு ஆண்டுக்கு இந்தக் கணக்குவேலையைப் பார்த்துக்கொடுக்க ஒரு ஆள் கிடைத்தாலே, அது 5 லட்சம் மானியத்தைவிடப் பெரிய உதவி.

தீவுக்கு என்ன தேவை?

2011 கணக்கெடுப்பில் ராமேஸ்வரம் நகராட்சியின் மக்கள்தொகை 44,856. இந்த அளவு ஊரில் உள்ளூர்ச் சந்தையை மட்டும் நம்பி நிறுவனம் வளர முடியாது. யாத்திரிகர்கள் வருவது உண்மைதான், ஆனா அவர்கள் வாங்குவது சங்கு, பாசிமணி மாலை. பாசித் தூளுக்கும் பாசி சோப்புக்கும் வாடிக்கையாளர் வெளியூரில். உணவுப் பொருள் என்றால் பாதுகாப்பு உரிமம், ஆய்வகச் சோதனை வேணும். அதற்கான ஆய்வகங்கள் பெரும்பாலும் பெருநகரங்களில்.

அதனால் தீவுக்கு முதல் தேவை முதலீட்டாளர் முன்னால் பத்து ஸ்லைடு போடக் கற்றுத்தரும் வகுப்பு அல்ல. மழையிலும் வேலை செய்யும் உலர்த்தி, பொதுவான அரவை இயந்திரம், சோதனைக்கு மாதிரி அனுப்பும் ஏற்பாடு, சூடான மாதங்களில் விதைப்பாசியைக் காப்பாற்றும் வங்கி. சுருக்கமாக, கிண்டியில் 1958-ல் கட்டிக்கொடுத்த அந்த ஷெட்.

இந்தத் திசையில் வந்திருக்கும் பெரிய திட்டம், 127.71 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்ட பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா. 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அமையும் இடம் வளமாவூர். அதுவும் ராமநாதபுரம் மாவட்டம்தான், ஆனா தீவில் அல்ல, தொண்டி பக்கம். தங்கச்சிமடத்தில் இருக்கும் ஒரு பெண் காலையில் போய்விட்டு மாலை வீடு திரும்பும் தூரம் இல்லை. பூங்காவின் சிறு கிளை, ஒரே ஒரு உலர்த்தும் கூடமாவது, தீவுக்குள் வந்தால்தான் அவர்களுக்கு அது பயன்.

வேறு தீவுகளில் எப்படி?

ஆப்பிரிக்கக் கரையோரம் உள்ள சான்சிபார் தீவின் கதை பாம்பனோடு அப்படியே ஒத்துப்போகுது. அங்கே 1989 முதல் பாசி வளர்ப்பு. செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கடல் சூடேறியதும் நல்ல விலை போகும் ரகம் அழிந்தது. 2006-ல் விஞ்ஞானி ஃப்ளவர் ம்சுயா முன்னெடுப்பில் ‘சான்சிபார் கடற்பாசிக் கூட்டமைப்பு’ தொடங்கியது. பாசியை அரைத்து சோப்பு செய்யப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மூட்டையாக விற்றதைவிட சோப்பாக விற்றதில் வருமானம் பல மடங்கு. அதே சமயம் எல்லாரும் சோப்புக்கு மாறிவிடவும் இல்லை. இன்றும் அங்கே ஏற்றுமதியாவதில் பெரும்பகுதி காய்ந்த பாசிதான்.

நம்ம நாட்டில் லட்சத்தீவை கடற்பாசித் தொகுப்பாகவும், அந்தமானை சூரை மீன் தொகுப்பாகவும் மத்திய மீன்வளத் துறை அறிவித்திருக்கு. அவற்றுக்குப் பாலமே கிடையாது, கப்பல்தான். அந்த வகையில் பாம்பனுக்கு அதிர்ஷ்டம். 1988 முதல் சாலைப் பாலம் இருக்கு, 2025 ஏப்ரலில் புது ரயில் பாலமும் திறந்தாச்சு. ரயில் போற தீவுக்கே உதவி போகலைன்னா மற்ற தீவுகளின் நிலையை யோசிச்சுப் பாருங்க.

எங்கே போய்க் கேட்கணும்?

கிண்டி வரை வர வேண்டியதில்லை. நீட்ஸ், வேலையில்லா இளைஞர்களுக்கான கடன் திட்டம், பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் ஆகியவற்றுக்கு ராமநாதபுரம் மாவட்டத் தொழில் மையம். கடைசியாகச் சொன்ன திட்டத்தில் கிராமப்புறப் பெண்களுக்கு மானியம் 35 சதவீதம். பாம்பன் ஊராட்சி என்பதால் இது பொருந்தும். ராமேஸ்வரம் நகராட்சிக்குள் என்றால் 25 சதவீதம்தான். முகவரிச் சான்று வாங்கும்போதே இதைக் கவனிக்கணும்.

மிதவை, கயிறு, விதைப்பாசிக்கு மீன்வளத் துறை அலுவலகம். 2020-ல் வந்த பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் பெண்களுக்கும் பட்டியல், பழங்குடியினருக்கும் மானியம் 60 சதவீதம், மற்றவர்களுக்கு 40. எந்தத் திட்டத்தில் இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்கள் என்பதை நேரில் கேட்டுவிட்டு வேலையை ஆரம்பிப்பது நல்லது.

‘உத்யம்’ பதிவும் செய்து வைத்துக்கொள்வது நல்லது. ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் செல்போனிலேயே முடிக்கலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. 2,000, 3,000 ரூபாய் கேட்கும் இணையதளங்கள் அரசு தளம் அல்ல.