பேட்ச் வந்தது, போடவில்லை: 14.7 கோடி பேரின் தகவல் திருடுபோனது எப்படி?

போனில் 'அப்டேட் வந்திருக்கு' என்று காட்டினால், 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிவிடுபவரா நீங்கள்? 2017-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனத்தில் ஒரே ஒரு அப்டேட் விடுபட்டதால் என்ன ஆனது என்று பாருங்கள்.

ஃப்ரேம்வொர்க் என்றால் என்ன?

இணையதளத்தின் எல்லா கோடையும் புதிதாக யாரும் எழுதுவதில்லை. அடிப்படை வேலைகளுக்கான கோட் ரெடிமேடாகக் கிடைக்கும். அந்தத் தொகுப்புதான் ஃப்ரேம்வொர்க். வேலை சீக்கிரம் முடியும். ஆனால், அதில் ஒரு ஓட்டை இருந்தால், அதைப் பயன்படுத்தும் எல்லா தளங்களுக்கும் ஆபத்துதான்.

அந்த ஓட்டை என்ன?

ஜாவாவில் இயங்கும் 'அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் 2' ஃப்ரேம்வொர்க்கில்தான் சிக்கல். ஃபைல் அப்லோட் செய்யும்போது, அது என்ன வகை ஃபைல் என்ற குறிப்பும் கூடவே போகும். அந்த இடத்தில் ஹேக்கர் ஒரு கட்டளையை எழுதி அனுப்பினால், சர்வர் அதை அப்படியே செய்துவிடும். பாஸ்வேர்டே தேவையில்லை! ஆபத்து அளவு: 10-க்கு 10.

என்ன நடந்தது?

* மார்ச் 7, 2017: ஓட்டையை அடைக்கும் பேட்ச் வெளியானது.
* மார்ச் 9: மக்களின் கடன் விவரங்களைச் சேகரிக்கும் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்தில், '48 மணி நேரத்தில் பேட்ச் போடுங்கள்' என்று ஊழியர்களுக்கு மெயில் போனது. ஆனால், வாடிக்கையாளர் புகார் தளத்தில் போடவில்லை.
* மே 13: அதே ஓட்டை வழியாக ஹேக்கர்கள் நுழைந்தார்கள்.
* ஜூலை 29: திருட்டு தெரியவந்தது.
* செப்டம்பர் 7: மக்களுக்கு அறிவிக்கப்பட்டது.

ஏன் இத்தனை நாள் தெரியவில்லை?

கண்காணிப்புக் கருவி இருந்தது. ஆனால், அதன் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி 19 மாதங்கள் ஆகியிருந்தன. அதைப் புதுப்பித்ததுமே திருட்டு கண்ணில் பட்டது.

பேட்ச் வந்த பிறகுதான் ஆபத்து அதிகமா?

ஆமாம். பேட்ச் வெளியானதும், ஓட்டை எங்கே இருக்கிறது என்பது ஹேக்கர்களுக்கும் தெரிந்துவிடும். அதன்பிறகு, யார் முந்துகிறார்கள் என்ற போட்டிதான். தங்களிடம் எந்தத் தளத்தில் எந்த ஃப்ரேம்வொர்க் ஓடுகிறது என்ற பட்டியலே இல்லாத நிறுவனம், இந்தப் போட்டியில் ஜெயிக்கவே முடியாது.

விலை என்ன?

தலைமைச் செயல் அதிகாரி ரிச்சர்ட் ஸ்மித் பதவி விலகினார். 2019-ல் குறைந்தது 57.5 கோடி டாலர் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆனால், பாதிக்கப்பட்டவர்களின் கதை வேறு. பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். திருடுபோனது பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண். பிறந்த தேதியை யாரால் மாற்ற முடியும்?

நிறுவனங்களின் சர்வரில் நம்மால் பேட்ச் போட முடியாது. கேட்கிற தளத்துக்கெல்லாம் பிறந்த தேதியும் அடையாள எண்ணும் கொடுக்காமல் இருக்கலாம். நம்ம போனில் காத்திருக்கும் அப்டேட்டையும் இன்றே போட்டுவிடலாம்.