தலைமுழுக்கும் கண்டி மாநகரும்



புதன்கிழமை முற்பகலிலே கண்டித் தலதா மாளிகையில் ஒரு சடங்கு நிகழும். 'நானுமுர மங்கல்ய' என்பது அதன் பெயர். மூலிகையும் மலரும் சேர்ந்த நறுமண நீரினால், புனித தந்தத்துக்கு அடையாளமாக நீராட்டுச் செய்வர். பின்னர் அந்நீரைக் கூடியிருப்போர்க்கு வழங்குவர். அது பிணி தீர்க்கும் என்பது அடியார் நம்பிக்கை. தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் மூலிகைக் குழம்பையே சிங்கள மக்கள் 'நானு' என்கின்றனர். ஸ்நானம் என்ற வடசொல்லோடு உறவுடையது இச்சொல். நம் பழந்தமிழிலும் நானம் என்பது நீராட்டையும் நறுமணப் பூச்சையும் குறித்து நின்றது.

ஆடவர் தலைமுழுகும் வழக்கத்தைப் பற்றி இன்று சில சொல்லலாம் என்று எண்ணினேன். இது பேசத்தக்க பொருளோ என்று சிலர் நகைக்கக்கூடும். ஆனால் கண்டி இராச்சியத்திலே இது ஓர் அரச கருமமாகவே விளங்கிற்று.

தியவடன நிலமே என்னும் பதவியை நேயர்கள் அறிவீர்கள். இன்று தலதா மாளிகையின் இல்லறப் பொறுப்பாளராக விளங்குபவர் அவர். எசல பெரகராவிலே முழு அலங்காரத்துடன் நடந்து வருபவரும் அவரே. ஆனால் மன்னர் காலத்திலே அப்பதவி அரசனின் நீராட்டுத் துறையைச் சார்ந்திருந்தது. மன்னனின் தலையைக் கழுவுவதும், கூந்தலைச் சீவி முடிப்பதும் அத்துறைத் தலைவரின் கடமை என்பர் கண்டி அரசமைப்பை ஆராய்ந்தோர். அரசனுடைய தலையைத் தீண்டும் உரிமை எளிதிற் கிட்டுவதன்று. நம்பிக்கைக்குரிய பெருங்குடியினர்க்கே அது கிட்டிற்று. 1815ஆம் ஆண்டிலே கண்டி ஆங்கிலேயர் வசமானதும் முடிமன்னன் மறைந்தான். நீராட்டுவதற்கு அரசனின் தலை இல்லாது போயிற்று. எனினும் பதவி மறையவில்லை. மாளிகைப் பணியோடு அது இன்றளவும் நிலைத்துவிட்டது.

இக்கண்டி அரியணையிலே 1739 முதல் 1815 வரை வீற்றிருந்த நால்வரும் தென்னிந்திய நாயக்கர் வழியினர் என்பது நாம் அறிந்த வரலாறு. அவர்களுள் இறுதியானவன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன். அவன் அமைத்த ஏரியின் கரையிலே, அரசியர் நீராடிய மண்டபம் இன்றும் நீரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஏரியைச் சுற்றி உலாவுவோர் அதனைக் காணாது செல்ல இயலாது.

அக்காலத்துக் கண்டிப் பிரதானிகள் தலைமயிரை நீள வளர்த்துப் பின்புறம் கொண்டையிட்டனர். தமிழரிடையே குடுமி வழங்கிற்று. நீண்ட மயிரை நாள்தோறும் நனைத்தல் எளிதன்று. அது உலர நேரம் வேண்டும். கண்டியோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ள ஊர். காலை மாலைகளிற் குளிர் வீசும் மலைநாட்டிலே ஈரத்தலை உடம்புக்கு ஆகாது என்று முதியோர் அஞ்சினர். ஆகவே முழுக்குக்கு நாள் குறித்தனர். தமிழரிடையே ஆடவர்க்குப் புதனும் சனியும், மகளிர்க்குச் செவ்வாயும் வெள்ளியும் என்பது மரபு. சனிக்கிழமை நீராட்டை ஔவையாரின் ஆத்திசூடியும் வற்புறுத்துவதாகக் கொள்வர். வாரத்துக்கு இருமுறை என்னும் இக்கணக்கு நீண்ட தலைமயிருக்கு ஏற்ற கணக்கு என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

புத்தாண்டுக் காலத்திலே இவ்வழக்கம் மேலும் சிறப்பெய்தும். சித்திரைப் புத்தாண்டிலே நம்மவர் மருத்துநீர் வைத்து முழுகுவர். மூலிகையும் மலரும் இட்டுக் காய்ச்சிய அந்நீரைக் கோயிலிலே பெற்று வருவர். பஞ்சாங்கம் கூறும் இலைகளைத் தலைக்கும் காலுக்கும் வைத்து, பெரியவர் ஒருவர் இளையோர் தலையிலே தேய்ப்பார். சிங்கள மக்களும் புத்தாண்டுக்குப் பின் குறித்த நேரத்திலே தலைக்கு எண்ணெயும் நானுவும் வைப்பர். அங்கும் இலை உண்டு, அங்கும் முதியவர் கையே முன்னிற்கும். ஒரே ஊரில் இரு மொழி பேசுவோர் ஒரே பருவத்தில் ஒரே செயலைச் செய்கின்றனர். இதைவிட அண்மையான உறவுக்குச் சான்று எது?

இனி நகரை விட்டு மலைச்சரிவுகளுக்கு ஏறுவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்காகவும், 1867இல் கண்டிக்கருகே லூல்கந்துரவிலே ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட பின் தேயிலைத் தோட்டங்களுக்காகவும் தமிழகத்திலிருந்து மக்கள் வந்தனர். அவர்கள் கொண்டுவந்த பொருட்கள் சில, வழக்கங்களோ பல. கவ்வாத்து வெட்டிய கையும் முள்ளுக்குத்திய தோளுமாக மாலையிலே லயத்துக்குத் திரும்பும் தொழிலாளிக்கு, மலையிலிருந்து இறங்கும் பீலி நீரே நீராட்டு மண்டபம். தீபாவளி விடியலிலே தாயோ பாட்டியோ உச்சியில் எண்ணெய் வைத்துச் சீயக்காய் தேய்ப்பாள். மன்னனுக்கு நிலமே செய்ததை லயத்துச் சிறுவனுக்கு அவன் பாட்டி செய்தாள்.

காலம் மாறிற்று. ஆங்கிலக் கல்வியும் அலுவலகமும் வந்தன. கொண்டையும் குடுமியும் படிப்படியாகக் கத்தரிக்கு இரையாயின. தலைமயிர் குறுகியதும் சவர்க்காரம் போதும் என்றாயிற்று. அதன் பின் ஷாம்பு வந்தது. இச்சொல் மேனாட்டுச் சொல்லென்றே பலர் கருதுவர். உண்மையில் அது அமுக்கு, பிசை என்னும் பொருளுடைய இந்திச் சொல்லிலிருந்து பிறந்தது. பாட்னாவிற் பிறந்த சேக் தீன் முகம்மது என்பவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இங்கிலாந்தின் பிறைற்றன் நகரில் நீராவிக் குளிப்பும் உடம்பு பிடித்தலும் நடத்தும் நிலையம் வைத்துப் புகழெய்தினார். இரு ஆங்கில மன்னர்க்கும் பணியாற்றினார். அன்று ஷாம்பு என்பது கையாற் செய்யும் தொழிலின் பெயர். பின்னரே அது தலைகழுவும் செயலுக்கும், ஈற்றிலே புட்டியிலுள்ள நீர்மத்துக்கும் பெயராயிற்று.

அப்படியாயின் இன்றைய ஆடவன் எதனைக் கைக்கொள்வது? பழையது என்பதனாலேயே ஒன்றைப் போற்றுதலும் தகாது. விளம்பரம் சொல்வதனாலேயே ஒன்றை ஏற்றலும் தகாது. ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று அறிதல் நன்று. சீயக்காயிலே இயல்பாக நுரைக்கும் சப்போனின் என்னும் பொருள் உண்டு. அது அழுக்கை மென்மையாக நீக்கும். சவர்க்காரம் காரத்தன்மை உடையது. கடினநீரிலே படிவு விட்டு மயிரைச் சிக்காக்கும். தேங்காய் எண்ணெய் மயிரிழையினுள்ளே புகுந்து, கழுவும்போது நேரும் புரத இழப்பைக் குறைப்பதாக 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. எனவே எண்ணெய் வைத்த பின் முழுகு என்ற பாட்டியின் சொல் வெறுஞ்சொல் அன்று. ஆயினும் பொடுகு மிகுந்த தலைக்கு எண்ணெயை ஊறவைத்தல் நன்மை தராது. பொடுகோடு தொடர்புடைய நுண்ணுயிர் கொழுப்பை உண்டே பெருகுகிறது. அத்தகையோர் மருத்துவரை நாடுதலே முறை.

குறுமயிர் உடையோரும், வெயிலிலும் தூசியிலும் உழைப்போரும் அடிக்கடி தலை கழுவலாம். வறண்ட மயிர் உடையோர்க்கு வாரத்துக்கு இருமுறையே போதும். நாள் எண்ணிக்கை அவரவர் தலைக்கும் தொழிலுக்கும் ஏற்ப மாறலாம். அதனால் மரபுக்கு இழுக்கொன்றும் இல்லை.

மாறக்கூடாதது ஒன்று உண்டு. கண்டியிலே அரண்மனை தொட்டு லயம் வரை, தலைமுழுக்கு என்பது ஒருவர் மற்றொருவருக்குச் செய்யும் பணியாகவே இருந்தது. புட்டி வந்த பின் அது பூட்டிய அறைக்குள் தனியொருவன் அவசரமாக முடிக்கும் வேலையாயிற்று. நம் வீட்டு முதியவரின் கை ஆண்டுக்கு ஒருநாளேனும் நம் தலையிலே பட வேண்டும். சித்திரைப் புத்தாண்டு அதற்கென்றே வருகிறது. அம்முதியவர் என்றும் இருப்பவரல்லர்.

ஓர் உறவை முற்றாகக் கைவிடுவதைத் தலைமுழுகுதல் என்று நம் வழக்கு கூறும். தலை முழுகுவோம், நேயர்களே. ஆனால் தலைமுழுகிய கைகளைத் தலைமுழுகிவிடாதிருப்போம்.